மாமியாரின் சின்ன மாத்திரை

அம்பத்தூரிலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். முதல் நாலு பக்கமும் குடும்ப சமாசாரம். ஐந்தாவது பக்கத்தின் நடுவில், ஏதோ மறந்து போனதை நினைத்துக் கொண்டவர் போல, இப்படி எழுதியிருந்தார்:

"என் மாமியாருக்கு மூன்று வருஷமாக ராத்திரி தூக்க மாத்திரை பழக்கம். அது கெடுதல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் போன சனிக்கிழமை முதல், அவரிடம் சொல்லாமல் அந்த மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டு, பார்க்க அதே மாதிரி இருக்கும் ஒரு சத்து மாத்திரையைக் கொடுத்து வருகிறேன். நேற்றிலிருந்து கை நடுங்குகிறது என்கிறார். ராத்திரி முழுதும் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறார். நாலு நாளில் சரியாகிவிடும் அல்லவா?"

கடிதம் என் கைக்கு வந்தது புதன்கிழமை காலை. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களுக்கு அச்சில் பதில் வருவதற்குள் மூன்று வாரமாவது ஆகிவிடும். இது மூன்று வாரம் காத்திருக்கும் விஷயம் அல்ல. மூன்று மணி நேரம் காத்திருக்கும் விஷயமும் அல்ல. நல்ல வேளையாகக் கடிதத்தின் அடியில் டெலிபோன் எண் இருந்தது. உடனே கூப்பிட்டேன்.

"உங்கள் மாமியார் இப்போது என்ன செய்கிறார் அம்மா?"

"அத்தையா? சமையலறையிலே உட்கார்ந்திருக்காங்க டாக்டர். காபி டம்ளரைப் பிடிக்க முடியலேன்னு சொல்றாங்க."

"ஒளித்து வைத்த மாத்திரையை எடுத்துக் கொள்ளுங்கள். அத்தையையும் அழைத்துக் கொண்டு இன்றைக்கே, இப்போதே, டாக்டரிடம் போங்கள். ஆட்டோவில் போங்கள். தனியாக விடாதீர்கள். வலிப்பு வரக்கூடும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நல்லது நினைச்சுத்தானே டாக்டர் செஞ்சேன்?" என்றார். குரல் உடைந்திருந்தது.

நல்லது நினைத்துத்தான் செய்தார். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனாலும் அவர் மாமியாரைப் பரிசோதித்த டாக்டர் முதல் காரியமாகச் செய்தது, அதே மாத்திரையைத் திரும்பக் கொடுத்ததுதான். அன்று ராத்திரி அந்த அம்மாள் தூங்கினார். மறுநாள் டம்ளரைத் தானே பிடித்துக் காபி குடித்தார்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அந்தச் சகோதரியின் சம்மதத்தோடு, பெயரை விட்டுவிட்டு, இப்போது எழுதுகிறேன். 'கெட்ட மாத்திரை என்கிறீர்கள். நிறுத்தினால் உபத்திரவம், திரும்பக் கொடுத்தால் சௌக்கியம் என்றும் சொல்கிறீர்கள். இது என்ன நியாயம்?' என்று உங்களுக்குத் தோன்றும். நியாயம் இருக்கிறது. அதைப் புரிந்து கொள்ள, மாத்திரை மூளைக்குள் போய் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

மூளையில் கோடிக்கணக்கான நரம்பு அணுக்கள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக் கொண்டே இருக்கின்றன. பேச்சு இரண்டு விதம். ஒன்று 'ஓடு' என்று தட்டி எழுப்புவது; மற்றது 'நில்' என்று அடக்குவது. நிற்கச் சொல்லும் வேலையைச் செய்யும் ரசாயனத்துக்குக் 'காபா' என்று பெயர். அது மூளையில் இருக்கிறது என்று 1950-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். நரம்பு அணுவின் சுவரில் சின்னஞ்சிறு கதவுகள் இருக்கின்றன. காபா வந்து தொட்டால் கதவு திறக்கும். திறந்ததும் குளோரைடு உள்ளே பாயும். குளோரைடு ஏதோ அபூர்வ வஸ்து அல்ல. நாம் ரசத்துக்குப் போடும் உப்பில் பாதி அதுதான். அது உள்ளே போனதும் அந்த நரம்பு அணு சாந்தமாகிவிடும். எத்தனை தட்டினாலும் சுலபத்தில் துள்ளாது.

தூக்க மாத்திரை இந்தக் கதவைத் தானாகத் திறப்பதில்லை. கீலுக்கு எண்ணெய் விடுகிறது, அவ்வளவுதான். சாவி வைத்திருக்கும் வீட்டுக்காரர் காபாதான். அவர் வரும்போதெல்லாம் கதவு 'கிரீச்' என்று முரண்டு பிடிக்காமல் அடிக்கடி திறந்து கொடுக்கிறது. அல்பிரஸோலம், டயஸிபாம், லோரஸிபாம், நைட்ரஸிபாம் என்று 'பாம்', 'லாம்' என்று முடிகிற மாத்திரைகள் பெரும்பாலும் இந்த எண்ணெய் வர்க்கம். கதவில் இவற்றுக்கென்றே தனி இடம் ஒன்று இருக்கிறது என்பதை 1977-ல் டென்மார்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்.

பழைய காலத்து மருந்துகள் வேறு ஜாதி. 1903-ல் ஜெர்மனியில் வந்த பார்பிட்டல், அதைத் தொடர்ந்து 1912-ல் வந்த பீனோபார்பிட்டல் முதலியவை கதவுக்குச் செங்கல்லை அண்டைக் கொடுத்தது போல, திறந்த கதவை வெகு நேரம் மூடவிடாமல் வைக்கும். அளவு மிஞ்சினால் வீட்டுக்காரர் வராமலே பூட்டை உடைத்துத் திறந்துவிடும். மூச்சு விடச் சொல்லும் நரம்புகளும் அப்போது அடங்கிவிடும். அதனால்தான் அவற்றைத் தூக்கத்துக்கு எழுதுவதை டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். (கார்டினால் என்ற பெயரில் வலிப்புக்கு உங்கள் வீட்டில் யாராவது சாப்பிடுகிறார்களா? அது பீனோபார்பிட்டல்தான். வலிப்புக்கு அது இன்றைக்கும் நல்ல மருந்து. பயந்து போய் நிறுத்திவிடாதீர்கள்!) எண்ணெய் வர்க்கம் தனியாக இருக்கும்வரை அத்தனை ஆபத்து இல்லை. ஆனால் சாராயமோ, கடும் வலிக்குக் கொடுக்கிற அபின் வகை மருந்தோ கூடச் சேர்ந்தால் அதுவும் மூச்சை நிறுத்தும்.

மூன்று வருஷம் தினம் ராத்திரி கீலுக்கு எண்ணெய் விட்டால் என்ன ஆகும்? மூளை சும்மா இருக்காது. 'இது என்ன, கதவு இத்தனை லேசாகத் திறக்கிறதே' என்று அது கதவை இறுக்கிவிடும். முன்பு அரை மாத்திரையில் வந்த தூக்கத்துக்கு இப்போது ஒன்று வேண்டியிருக்கும், பிறகு இரண்டு. இந்த நிலையில் ஒரு நாள் திடீரென்று எண்ணெயை நிறுத்தினால், இறுகிப் போன கதவைக் காபா தன் சாவியால் திறக்க முடியாது. அடக்குகிறவர் வாசலில் நிற்க, உள்ளே எல்லா நரம்புகளும் ஒரே சமயத்தில் கூத்தாட ஆரம்பிக்கும். கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, கண் மூடாத ராத்திரி, சிலருக்கு இல்லாத மனிதர்கள் கண்ணில் தெரிவது, சிலருக்கு வலிப்பு. அந்த மாமியார் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தாரே, அவரை நடத்தியது இதுதான்.

ஆகவே வெகு நாள் சாப்பிட்டவர்கள் நிறுத்த வேண்டுமானால் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். சாதாரணமாக இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, சாப்பிடும் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைப்பார்கள். சிலருக்கு அதைவிட மெதுவாக. கணக்குப் போட வேண்டியவர் டாக்டர். மருமகள் அல்ல, மருந்துக் கடைக்காரரும் அல்ல.

அந்த அம்மாளுக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று பிறகு சாவகாசமாக விசாரித்தேன். மூன்று வருஷத்துக்கு முன் அவர் கணவர் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. டாக்டர் 0.25 மில்லிகிராம் அல்பிரஸோலம், பத்து நாளைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தார். சரியான வைத்தியந்தான். துக்கத்தில் துவண்டவருக்கு நாலு நாள் தூக்கம் கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் பத்து நாள் சீட்டு மூன்று வருஷம் உயிரோடு இருந்துவிட்டது! பேரன் கடைக்குப் போவான், "பாட்டி மாத்திரை" என்பான், கொடுத்துவிடுவார்கள். 0.25 என்பது 0.5 ஆயிற்று. ஒன்று இரண்டாயிற்று. போன வருஷம் விடியற்காலையில் குளியலறையில் விழுந்தார், எலும்பு பிழைத்தது. மறதி வேறு. அடுப்பை அணைத்தோமா, கதவைத் தாழிட்டோமா என்று தினம் சந்தேகம். வயதாகிவிட்டது என்று எல்லோரும் எண்ணிக் கொண்டார்கள். மாத்திரையை யாரும் சந்தேகிக்கவில்லை. அது ரொம்பச் சின்ன மாத்திரை அல்லவா!

வயதானவர் உடம்பில் இந்த மருந்துகள் மெதுவாகக் கரைகின்றன. டயஸிபாம் நல்ல இளம் வயதிலேயே பாதி கரைய ஒரு நாளுக்கு மேல் எடுத்துக் கொள்ளும். முதியவருக்கு இன்னும் அதிகம். நேற்றைய மாத்திரை கரைவதற்குள் இன்றைய மாத்திரை உள்ளே வந்து உட்கார்ந்து கொள்கிறது. 1991-ல் அமெரிக்காவில் பீர்ஸ் என்ற டாக்டர் முதியவர்களுக்குக் கூடியவரை கொடுக்கக் கூடாத மருந்துகளுக்கு ஒரு ஜாபிதா தயாரித்தார். இன்று வரை திருத்தி வெளியிட்டு வருகிறார்கள். இந்த வர்க்கம் முழுதும் அதில் இருக்கிறது. காரணம், தடுமாறி விழுவது, இடுப்பு எலும்பு முறிவது, புத்தி மங்குவது.

சட்டம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. 2013-ல் மத்திய சர்க்கார் 'எச் 1' என்று ஒரு தனி அட்டவணை போட்டு, 2014 மார்ச் முதல் அமலுக்குக் கொண்டு வந்தது. அல்பிரஸோலம், டயஸிபாம், நைட்ரஸிபாம், ஸோல்பிடம் எல்லாம் அதில் சேர்ந்தவை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எழுதிய டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் தனி நோட்டில் பதிய வேண்டும். அந்த நோட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சாகியிருக்கும். "சீட்டு கொண்டு வா" என்று திருப்பி அனுப்புகிற கடைக்காரரை நாம் 'ரொம்பக் கறார்' என்று திட்டுகிறோம். அவர்தான் நல்லவர்.

'இந்த மாத்திரை பழக்கமாகாது' என்று சொல்லித்தான் ஒவ்வொரு புது மருந்தும் வந்திருக்கிறது. இதில் நம் தேசத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1951-ல் கக்கர், சையது ஹுசேன் ஜாகீர் என்ற இரண்டு இந்திய ரசாயன நிபுணர்கள் மெத்தாகுவலோன் என்ற புது வஸ்துவைத் தயாரித்தார்கள். தூக்கத்துக்காக அவர்கள் அதைத் தேடவில்லை. 1955-ல் லக்னோவில் டாக்டர் குஜ்ராலும் அவருடைய சகாக்களும் அதைப் பரிசோதித்து, அடடா, இது அருமையாகத் தூங்க வைக்கிறதே என்று கண்டு சொன்னார்கள். பார்பிட்டல் வர்க்கம் அல்ல என்பதால் உலகமே அதை வரவேற்றது. 1965-ல் இங்கிலாந்தில் இன்னொரு மருந்தோடு சேர்த்து 'மாண்ட்ராக்ஸ்' என்று விற்பனைக்கு வந்தது. பிறகு நடந்தது சந்தோஷமான கதை அல்ல. பழக்கமாகாது என்று நம்பி எழுதினார்கள், படுவேகமாகப் பழக்கமாயிற்று. தூக்கத்துக்கு வந்த மாத்திரை போதைக்குப் போயிற்று. 1984-ல் அமெரிக்காவில் அதை வைத்தியத்திலிருந்தே விலக்கினார்கள். நம் நாட்டில் 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. ஆனாலும் திருட்டுத்தனமாகச் செய்கிறவர்கள் ஓயவில்லை. 2016-ல் ராஜஸ்தானத்து உதயப்பூரில் 23 டன்னுக்கு மேல் மாண்ட்ராக்ஸ் மாத்திரை பிடிபட்டது. 23 டன்! லக்னோ டாக்டர்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு இந்த மருந்துகள் விஷம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வலிப்பு நிற்காமல் வரும் குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் முதலில் ஏற்றுவது லோரஸிபாம். அப்படிப்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் மிடஸோலம் என்ற மருந்தை மூக்கில் பீச்சும் குப்பியாக வைத்துக் கொள்ளச் சொல்லி, எப்போது பீச்ச வேண்டும் என்று தாய்க்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தக் குப்பி எத்தனையோ தாய்மார்களின் கைப்பையில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் பயத்தைத் தணிக்கவும், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும்போதும் இதே வர்க்கந்தான். குடியை நிறுத்தும் மனிதருக்குக் கை நடுங்கி வலிப்பு வராமல் காப்பதும் இதுதான். சாராயமும் அதே கதவில் வேலை செய்கிறது, அதனால். குழந்தையின் மூளை அலைகளைப் படம் எடுக்க வேண்டுமென்றால் முன்னதாக ஒரு சிரப்பு கொடுத்துத் தூங்க வைப்பார்களே, அது டிரைகுளோபாஸ். 1869-லேயே தூக்கத்துக்குப் பிரயோகிக்கப்பட்ட குளோரல் ஹைட்ரேட்டின் பேத்தி.

அம்பத்தூர்க் கடிதத்தின் ஆறாவது பக்கத்தில் இன்னும் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, பூந்தமல்லியில் இருக்கும் நாத்தனாரைப் பற்றியது. அவர் ஸோல்பிடம் என்ற மாத்திரையைப் பத்து மில்லிகிராம் சாப்பிடுகிறாராம். வேலையெல்லாம் முடிந்து படுக்கப் பன்னிரண்டாகிவிடும். காலை ஏழு மணிக்குக் குழந்தையை ஸ்கூட்டரில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறார். இருமுறை கண் சொக்கியதாம். இது புது மாத்திரை, ஆபத்து இல்லை என்கிறாரே, நிஜமா?

சகோதரிகள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஸோல்பிடம் சீக்கிரம் கரைகிற மருந்துதான். ஆனால் பெண்கள் உடம்பில் அது ஆண்களைவிட மெதுவாகக் கரைகிறது. காலையில் ரத்தத்தில் மிச்சம் அதிகம் இருக்கிறது. இதன் காரணமாக 2013-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம், பெண்களுக்குச் சிபாரிசு செய்யும் அளவைப் பத்திலிருந்து ஐந்து மில்லிகிராமாகப் பாதியாக்கியது. அந்த நாட்டில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது 1992-ல். பெண்ணின் உடம்பு வேறு என்று அளவைத் திருத்த இருபது வருஷம் ஆகியிருக்கிறது பாருங்கள்! தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது முதலிய விபரீதங்களுக்காக 2019-ல் அதே நிர்வாகம் இன்னும் கடுமையான எச்சரிக்கையும் போட்டது. ஏழெட்டு மணி நேரம் படுக்க அவகாசம் இல்லாதவர் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. நாத்தனார் வண்டியை எடுப்பதற்கு முன் டாக்டரைப் பார்க்கட்டும்.

இரண்டாவது கேள்வி கணவரைப் பற்றி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட். ராத்திரி ஷிப்ட் வாரத்தில் காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, தூக்கம் வராமல், அம்மாவின் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக் கொள்கிறாராம். நம் வீடுகளில் மாத்திரையும் கறிவேப்பிலை மாதிரி கைமாற்றாகிவிடுகிறது. சாயங்காலம் எழுந்து, அரைத் தூக்கத்தில் சி.டி.எச். ரோடில் லாரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்.

அம்பத்தூர் எஸ்டேட் வந்தது 1964-ல். ஆவடியில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது 1965-ல். அன்று முதல் இந்த வட்டாரத்தில் ராத்திரி விழித்துப் பகலில் தூங்கும் குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கு இருப்பது வியாதி அல்ல. மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது; அதைச் சூரிய வெளிச்சம் சாவி கொடுத்து ஓட்டுகிறது. இருட்டினால் மெலட்டோனின் சுரந்து தூக்கத்தை அழைக்கும். வெளிச்சம் பட்டால் அது நின்றுவிடும். காலை வெயிலில் அரை மணி வண்டி ஓட்டி வந்தவரின் கடிகாரம், 'விடிந்துவிட்டது, எழுந்திரு' என்கிறது. அவரோ படுக்க வருகிறார். மாத்திரை அவரை அடித்துப் படுக்க வைக்கும். கடிகாரத்தைத் திருப்பி வைக்காது. மாத்திரைத் தூக்கத்தில் ஆழ்ந்த உறக்கத்தின் பங்கும் குறைந்துவிடுகிறது.

அவருக்குச் சொன்னது இவ்வளவுதான். ஷிப்ட் முடிந்து திரும்பும்போது கருப்புக் கண்ணாடி போட்டுக் கொள்ளட்டும், ஆனால் கண் சொக்கினால் வண்டியைத் தொடாமல் பஸ்ஸில் வரட்டும். படுக்கிற அறை ஜன்னலுக்குக் கனத்த கம்பளியோ கருப்புத் துணியோ போடுங்கள். நடுராத்திரிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகும். வாசல் மணியை அவர் தூங்கும்வரை நிறுத்தி வையுங்கள். கடைசி யோசனை ரொம்பப் பலித்தது என்று பிறகு எழுதினார். காய்கறிக்காரர், கூரியர்காரர், சந்தா வசூலிக்க வருகிறவர் என்று காலையில் ஒன்பது பேர் மணியடித்துக் கொண்டிருந்தார்களாம்!

ராத்திரி ஷிப்ட் இல்லாமலே மாதக் கணக்கில் தூக்கம் வராதவர்களுக்கும் இன்று டாக்டர்கள் முதலில் சொல்வது மாத்திரை அல்ல, பழக்க வைத்தியந்தான். ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் குறித்த நேரத்தில் எழுந்துவிடுவது; தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது; இருபது நிமிஷம் புரண்டும் வரவில்லையென்றால் எழுந்து வேறு அறையில் உட்கார்ந்திருந்து, கண் செருகினால் திரும்ப வருவது. கேட்க அற்பமாக இருக்கும். செய்து பாருங்கள், முதல் வாரம் அழுகை வரும். இரண்டு மூன்று வாரத்தில் படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்பு மறுபடி கற்றுக் கொள்ள ஆரம்பிக்கும். தூக்கம் கெடுவதற்குக் குறட்டையோ, தைராய்டோ, மனச்சோர்வோ காரணமாக இருக்கலாம். அதையும் பார்த்தாக வேண்டும். முக்கியமாக, பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறவருக்குத் தூக்க மாத்திரை ஆகவே ஆகாது.

மாமியார் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஒரு மில்லிகிராமிலிருந்து ஏழு மாதத்தில் படிப்படியாக இறங்கி, போன மாதம் 0.25-க்கு வந்திருக்கிறார். பத்து நாளைக்கு என்று முதல் முதலாக எழுதிக் கொடுத்த அதே அளவு. நடுவில் இரண்டு தடவை இறக்கியது தாங்காமல் டாக்டர் ஒரு மாதம் அதே படியில் நிறுத்தி வைத்தார். இப்போது விழுவதில்லை. அடுப்பை அணைத்தது நினைவிருக்கிறது. மருமகள் ஏமாற்றியதை மருமகளே ஒப்புக்கொண்டு சொல்லிவிட்டதால், இரண்டு நாள் பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் சமாதானமாகிவிட்டார்.

போன வாரம் கூப்பிட்டபோது, "அத்தையே பேசணும்கிறாங்க டாக்டர்" என்று மருமகள் டெலிபோனைக் கொடுத்தார்.

"ஏம்மா டாக்டர், இவ என்னை ஏமாத்தி ஒரு சத்து மாத்திரை குடுத்தாளே, அது பேரு என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா. நீயாவது கேட்டுச் சொல்லேன். அந்த நாலு நாளும் முழங்கால் வலி கொஞ்சம் தேவலையா இருந்துது."